அப்பா நிறுத்தச் சொன்ன இடத்தில்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் கை கால் முழுசாக, நலமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வரியும் அப்பா சொல்லி நான் எழுதியவை. அவருக்கு வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் இந்தத் தடவை என் கையெழுத்து. மூன்றாவது வரிக்கு யோசித்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்துவிட்டார். மீதியை நானே எழுதுகிறேன், அவர் சொன்னால் நடந்தது ஒன்றும் எழுதினது ஒன்றுமாக இருக்கும்.

சுற்றுலா வந்த இந்த மலை ஊரில் நேற்று காற்றடைத்த ரப்பர் படகில் ஏறியதும் நான் முதலில் பார்த்தது அப்பாவின் வலது காலைத்தான். ரப்பர் தரையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்ட கால் அல்லவா, ஆற்றிலும் பிரேக் தேடுகிறது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தின நாள் மலைக் கிராமங்கள் வழியாக நடந்தபோதும் இதே கதைதான். வளைவுக்கு வளைவு ஓரமா வாங்க, வேகத்தைக் குறைங்க என்று எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். எதிரில் ஆட்டுக்கூட்டம் வந்தால் கையை நீட்டி முதலில் அதுகளைப் போகவிட்டார். ஒரு ஆடு அம்மாவின் துண்டை இழுத்துத் தின்னப் பார்த்தது. ஏறி ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தால் திடீரென்று எதிரே பனிமலை, வெயில் பட்டுக் கண் கூசுகிற மாதிரி, அத்தனை கிட்டத்தில். அம்மா பேசாமல் நின்றார், அம்மா பேசாமல் நின்றார் என்றால் நீயே புரிந்துகொள். எங்களைக் கூட்டிப்போனவர் இந்த ஆற்றில் படகோட்டுகிற ஒரு அக்கா, உன் வயதுதான் இருக்கும், தமிழ்ப் பயணிகளோடு பழகி நம் பேச்சு நன்றாக வருகிறது. போகிற வழியில் அவர் வீட்டுக்கும் கூட்டிப்போனார். ஒரே அறை, சுவர் நிறைய துடுப்புகளும் நனைந்த கயிறுகளும், ஜன்னலைத் திறந்தால் கீழே ஆறு. அவர் பதினாறு வயதிலேயே படகில் ஏறிவிட்டாராம். நான் அந்தக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். படகில் முன்னால் அப்பாவும் ஒரு பல் டாக்டரும், நடுவில் அம்மாவும் டாக்டரின் மனைவியும், பின்னால் நான், எனக்கும் பின்னால் படகுக்கார அக்கா. அக்கா முன்னே என்றால் எல்லோரும் துடுப்பு போட வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பாடம். முதல் இரண்டு இறக்கத்திலும் தண்ணீர் முகத்தில் அடித்து, டாக்டர் வாய் விட்டு அலறி, நானா இப்படிச் சிரிக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம். மூன்றாவது இறக்கத்தில் ஆறு சட்டென்று திரும்புகிறது. அங்கேதான் அக்கா முன்னே, முன்னே என்று கத்தினார். அதே நேரம் அப்பா, வளைவு வருது, நிறுத்துங்க, மெதுவா என்று குரல் கொடுத்தார். அவர் குரலுக்குத்தான் ஊரில் நாம் எல்லோரும் கட்டுப்படுவோமே, அம்மா துடுப்பைத் தூக்கிவிட்டார், டாக்டரும் தூக்கிவிட்டார். ரோட்டில் வளைவென்றால் வேகம் குறைய வேண்டும். ஆற்றில் துடுப்பு நின்றால் படகு நம் கையில் இல்லை. குறுக்கே திரும்பிப் பாறையில் மோதியது, அம்மா தண்ணீருக்குள்.

பயப்படாதே, அம்மா படகின் ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா பாய்ந்து வந்து அம்மாவின் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனால் முன்னால் இன்னொரு பாறை. அம்மா இருந்த பக்கமே அதன் மேல் போய் இடிக்கப் போகிறது. அப்பா இன்னும் நிறுத்துங்க, நிறுத்துங்க என்கிறார். அக்கா என்னைப் பார்த்து, என் கை காலி இல்லை, நீ சொல்லு என்றார். அண்ணா, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்பா, வாயை மூடுங்க, எல்லாரும் முன்னே, முன்னே என்று கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரி கத்திக்கொண்டே இருந்தேன். எல்லோரும் துடுப்பு போட்டார்கள், அப்பாதான் எல்லோரையும்விட வேகமாகப் போட்டார், மணிக்கட்டு பிசகியது அதில்தான். பாறை ஒரு முழம் தள்ளிப் போனது. அம்மாவை உள்ளே இழுத்துப் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, ஐயோ என் ஒத்தச் செருப்பு!

கரைக்கு வந்தபிறகு அக்கா என்னிடம் நீந்தத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், எங்க அண்ணன் குளத்துல தள்ளிவிட்டுக் கத்துக்கொடுத்தான் என்றேன். அடுத்த சீசனுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படகோட்டப் பழக்குகிறோம், வர்றியா, நீங்க கிளம்பறதுக்குள்ள சொல்லு என்றார். எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்கவே இல்லை. நான்கு மாதம் இங்கேயே தங்க வேண்டும்.

நேற்று வீட்டில் சொன்னேன், வீடென்றால் இந்த லாட்ஜ் அறைதான். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, தண்ணியில விழுந்தது நான், ஆசை வந்தது உனக்கா என்றார். அப்பா, பஸ்ஸில இறங்கணும்னு சொல்லக் கூச்சப்பட்டு ரெண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வர்றவ, ஆத்துல போய்க் கத்தப் போறாளாம் என்று சிரித்தார். ஆத்துல கத்தினது யாருப்பா என்றேன். மணிக்கட்டில் போட்டிருந்த கட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், உங்க அண்ணனுக்கு எழுதிக் கேளு, அந்தப் பொண்ணுகிட்டயும் நீயே போய் வாயத் திறந்து சொல்லு, சொல்லிட்டா நான் தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய்ச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்பா அம்மா இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஈரத் தலையோடு வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னார், ஆற்றில் விழுந்து எழுந்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள். வேலைக்குப் போகிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே. அப்பாவுக்கு நீ ஒரு வார்த்தை எழுது, உன் பேச்சென்றால் அவர் கொஞ்சம் இறங்கி வருவார்.

ஊருக்குத் திரும்புகிற வேன் மதியம் கிளம்புகிறது. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய், அடுத்த சீசனுக்குப் படகோட்டப் பழக வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் தங்கை