சாவிக்கு ஒரு டிபன் டப்பா

அப்பா,

ஒத்தக்கடையிலேயே திருட முடியாத கார் நம்முடையதுதான் என்று நேற்றும் அடித்துச் சொன்னேன். சாவியே போடாமல் ஓடும் காரை எவன் எதை வைத்துத் திறப்பான் என்றும் கேட்டேன்.

ராத்திரி எதிர்வீட்டு விக்ரம் அண்ணன் காரைக் காணோம். கண்ணாடி உடையவில்லை, சாவியும் வீட்டுக்குள் ஆணியிலேயே தொங்கியது. அவர் வீட்டு கேமராவில் பார்த்தேன். ஒருவன் வாசல் கதவோரம் ஒரு பையோடு நிற்கிறான். இன்னொருவன் காரைத் திறந்து ஓட்டிப்போகிறான். சாவியின் சிக்னலைக் கதவு வழியாகவே பிடித்துவிட்டார்களாம். அண்ணன் தெருவில் சாவியை அமுக்கிக்கொண்டே நிற்கிறார். "மாப்ள, எங்கிட்டாவது சத்தம் கேக்குதா பாரு" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிக்னல் வெளியே போகக் கூடாதென்று நீங்கள் சாவியை ஃபாயிலில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்ததற்கு, "சாவிக்கு டிபன் கட்டியாச்சா" என்று சித்தப்பா முன்னால் கேட்டுவிட்டேன். அதிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் வாரேன், திட்டவாவது செய்யுங்கள்.

ரசம் அடுப்பில் இருக்கிறது. நாளைக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், கார் வேண்டும்.

ஆலன்

பி.கு.: நான் கேலி செய்ததும் நீங்கள் பழையபடி மாதா படத்துக்குக் கீழே வைத்த சாவியை அங்கே தேடாதீர்கள், மறுபடி டப்பாவில் வைத்துவிட்டேன். டப்பாவைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன், எந்தக் கதவும் திறக்கவில்லை. பீரோவில் கிடந்த இன்னொரு சாவிக்கும் ஒரு டப்பா போட்டிருக்கிறேன். அம்மா கேட்டால் நீங்கள் வைத்ததாகவே சொல்லுங்கள்.