இறுகாத ரெசின்

நிலவுத் தளம், பகல் 11, காலை 7:10

காற்றழுத்தம் இறங்குகிறது. மெதுவாகத்தான். வசிப்பறைச் சன்னலில் விரல் நீளக் கீறல். நேற்று அதன்மேல் ரெசின் பூசினேன். இந்நேரம் கண்ணாடியாக இறுகியிருக்க வேண்டும். தொட்டால் வெல்லப்பாகு போலக் கையோடு வருகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ரெசின் ஒரு டப்பா, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் இன்னொரு டப்பா. உரிய எடை விகிதத்தில் கலந்தால் இறுகும். விகிதம் தவறினால் என்றைக்கும் இறுகாது. "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பதெல்லாம் பெயின்டுக்கு. இது காய்வதில்லை, வினைபுரிகிறது.

கீறல் அடைபட்டால், மாற்றுக் குழு வரும்வரை காற்று போதும். அடைபடாவிட்டால் போதாது.

பகல் 11, மாலை 4:30

தராசைச் சரிபார்த்தேன். சரி. கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்கினேன். அறையில் வெப்பம் போதும், ஈரம் இல்லை. முனைவர் மாசிலாமணி, முப்பது வருடம் பாலிமர் படித்தவன், பள்ளிப் பையன் போல முதலிலிருந்து செய்து பார்த்தேன். மறுபடியும் பாகு.

பூமியில் எங்கள் மையத்தின் இயக்குநர் ருத்ரமூர்த்திக்குச் செய்தி அனுப்பினேன். பதில்:

"மாசி, என்னய்யா பெரிய விஷயம் இது? ஒட்டவைக்கிற பசைதானே? நீதான் ரெசின்ல டாக்டராச்சே, கொஞ்சம் ஹார்ட்னரைக் கூட ஊத்திப் பாரேன்."

கூட ஊற்றினால் கூடுதலாக இறுகும் என்று நினைக்கிறவன் இயக்குநர். ஒருமுறைக்கு ஒரு பொட்டலம், அளந்து அடைத்தது, அப்படித்தான் வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். "ஆடம்பரம்" என்று சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தான். பெரிய டப்பாவாக வாங்கினான். எதிர்த்துப் பேசிய என்னை இங்கே அனுப்பினான்.

பகல் 12, காலை 9:00

காரணம் கிடைத்தது. எனக்கு முன் இங்கே இருந்த நல்லசிவன், ருத்ரமூர்த்தி சொல்லி, நிலவு மண்ணை ரெசினில் பதித்துக் காகித எடைகள் வார்த்திருக்கிறான். விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாம். மிச்சம் அலமாரியில் இருக்கிறது. முதலில் வார்த்தவை கல். கடைசியில் வார்த்தவற்றில் என் கைரேகை பதிகிறது. நடுவில் எதுவோ நடந்திருக்கிறது. பூமியில் இருக்கும் அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. ரெண்டு வகை ஹார்ட்னரு இருந்துச்சுல்லா, ஒண்ணு சீக்கிரம் இறுகுறது, ஒண்ணு மெதுவா இறுகுறது. ரெண்டுலயும் அடியில கொஞ்சங்கொஞ்சம் கெடந்துச்சு. வீணாப் போவுதேன்னு ஒரே டப்பாவுல ஊத்திட்டேன். எங்க வீட்டுல பழைய எண்ணெயப் புதுசு மேல ஊத்துவாவ, அந்தப் பழக்கம். கழுத, இப்படி ஆவும்னு யாரு கண்டா?"

இரண்டுக்கும் வெவ்வேறு விகிதம். இப்போது டப்பாவில் இருப்பதற்கு எந்த விகிதமும் எந்தக் காகிதத்திலும் இல்லை. வீட்டில் எண்ணெய்க்குச் செய்ததை இங்கே செய்திருக்கிறான். அவனையாவது மன்னிக்கலாம். வேலை செய்கிறவனைப் பொம்மை வார்க்கச் சொன்னவனை?

பகல் 13, காலை 6:20

ஆறு பாட்டில் மூடிகளில், ஒவ்வொன்றிலும் ஒரு விகிதமாகச் சிறிது கலந்து வைத்திருந்தேன். நான்காவது மூடி இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை. சத்தம் போட்டே சிரித்தேன். மையத்துக்கும் செய்தி அனுப்பினேன்.

ஹார்ட்னர் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு தடவை பூசப் போதும். நிலவின் பதினான்கு நாள் பகல் முடிந்து நாளை சூரியன் மறைகிறது. அதன்பின் மின்சாரம் காற்றுக்கும் ரேடியோவுக்கும் மட்டும். அறை குளிரும். குளிரில் ரெசின் உறங்கிவிடும். இன்றே பூசியாக வேண்டும்.

பகல் 13, காலை 8:45

கலக்கி முடித்த நேரத்தில் ரேடியோ.

"மாசி, விகிதம் கண்டுபிடிச்சிட்டியாமே? பிரமாதம். பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு அறிக்கை விடுறேன், 'நமது மையத்தின் வழிகாட்டுதலில்'னு போட்டுக்கறேன். உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

இருந்தது. முப்பது வருட ஆட்சேபணை. என் ஆய்வுக் கட்டுரையில் அவன் பெயர் முதலில் வந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. அந்தச் சுகம்!

திரும்பினால் கிண்ணம் புகைந்துகொண்டிருந்தது. ஆழமான கிண்ணத்தில் மொத்தமாக நின்றால் ரெசின் தன் சூட்டிலேயே வெந்துவிடும். மாணவர்களுக்கு இதை வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் கட்டியாகக் கிண்ணத்தோடு இறுகிவிட்டது. எதற்கும் உதவாது.

அவன் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

பகல் 14, மாலை 5:15

டப்பாவின் சுவரை வழித்தேன். மெல்லிய ஒரு பூச்சுக்கு வந்தது. பூசிவிட்டேன். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டான். அறையைச் சூடேற்றும் மின்பட்டை அணைந்துவிட்டது. ஓரங்களில் பிடித்திருக்கிறது, நடுவில் இன்னும் பாகு. வெளியே உள்ள வெற்றிடம் அந்தப் பாகைக் கீறல் வழியாக உறிஞ்சுகிறது.

இந்த அறையில் சூடாக இருப்பது நான் ஒருவன்தான். பாலிதீன் தாளை வைத்து, அதன்மேல் இடது உள்ளங்கையை அழுத்தியிருக்கிறேன். பாலிதீனில் ரெசின் ஒட்டாது. வலது கையால் எழுதுகிறேன்.

இரவு 1, நேரம் தெரியவில்லை

குளிரில் பாலிதீன் தாள் விறைத்துக் கிழிந்திருக்கிறது. கண்ணயர்ந்தபோதாக இருக்கும். கையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

அழுத்தமானியில் முள் அசையவில்லை. கசிவு நின்றுவிட்டது. நல்ல இறுக்கம், முதல் தரம். வலது கை நகத்தால் விளிம்பைக் கீறினேன், தடம் விழவில்லை.

இடது கையில் மணிக்கட்டுவரை உணர்வில்லை; எழுதும் கையும் விறைத்து வருகிறது. பெயர்த்தால் பூச்சும் பெயரும், காற்றும் போகும். குழு வர இன்னும் நாட்கள் இருக்கின்றன. தண்ணீர் அறையின் அந்தப் பக்கம். ரேடியோவும் அந்தப் பக்கம்; பொத்தானை அழுத்தினால்தான் என் குரல் போகும்.

"மாசி, லைன்ல இருக்கியா? இன்னும் கோவமாய்யா? சரி, சரி, உன் பேரையே முதல்ல போட்டுடறேன். மாசி? கோவம்னா பேசாமலே இருப்பியா? இரு, நானும் பாக்கறேன் எத்தனை நாளைக்குன்னு."

அணைத்துவிட்டான். கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு, அவன்—