சப்பாத்துக் கயிற்றின் ஒரு நுனி

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை தம்போய் ஊரில், தம்பி வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவனுக்கு மூன்றாவதாகப் பிறந்திருக்கும் பெண்ணுக்காக வாங்கிய புதுப் பால்புட்டியை வெந்நீரில் போட்டேன். கொதி ஏறியதும் அந்த ரப்பர் காம்பிலிருந்து மெல்ல ஒரு வாசனை எழுந்தது. நம் தம்பிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. பாதித் தலை வழுக்கை. ஆனால் அந்த வாசனையில் அவன் மறுபடியும் பெக்கோக் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில், கை கால் சூம்பிப்போய், அம்மாவின் பக்கத்தில் கிடந்தான்.

நீ கண்மூடி நான்கு மாதமாகிறது. உன்னிடம் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். உனக்குப் பன்னிரண்டு, எனக்கு எட்டு. தம்பி அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சண்டைக்கு முன் அவர் உனக்கு வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து மட்டும் பரண்மேல் காகிதத்துக்குள் இருந்தது. முதல் நாள் அப்பா குனிந்து கட்டிவிட்ட முடிச்சை நீ அவிழ்க்கவே இல்லை. காலை மட்டும் நெளித்து நெளித்து உள்ளே விட்டு, அப்படியே உருவிக்கொள்வாய். அவரைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அதைப் போடுவதையும் நிறுத்திவிட்டாய். "அப்பா வந்து பாக்கட்டும், முடிச்சு அப்படியே இருக்குன்னு" என்பாய்.

நடப்பதற்கு, ஸ்டோரில் விலை போகாமல் கிடந்த ரப்பர் சீட்டில் நீ வெட்டிய செருப்புதான். வெயில் ஏறினால் இளகி ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கங்காணி வீட்டம்மா வாசலில் நின்று சிரிப்பார்: "ஏண்டி, ரோட்டையும் சேத்து வீட்டுக்கு இழுத்துட்டுப் போறீங்களா?" ஒருநாள் முள் செருப்பைத் துளைத்து என் காலில் ஏறியது. நீ பிடுங்கி எறிந்துவிட்டுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தாய். குத்திய இடமே தெரியவில்லை. "பாரு, செருப்புக்கு ஆறிப்போச்சு. நீதான் இன்னும் அழுவுற."

தம்பி பிறந்த மூன்றாம் மாதம் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். பால் வற்றி, இரவில் கொஞ்சம்தான் சுரந்தது. குண்டுக் குழந்தை படம் போட்ட பால்மாவு டின் எப்போதோ காலி. அதில் நீ ஊசி நூல் போட்டு வைத்திருந்தாய். மரவள்ளிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, துணியில் வடிகட்டிச் சங்கில் புகட்டினோம். ஒருமுறை புரையேறி அவன் முகம் நீலமாகிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு சங்கைத் தொடவே விடவில்லை. கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. அதன் காம்பு பொடிந்து போயிருந்தது.

நீ கொய்யாக் குச்சியை வழுவழுப்பாகச் சீவினாய். ஒரு ரப்பர் மரத்தைச் சீவி மங்குக் கிண்ணத்தில் பால் பிடித்து வந்தாய். குச்சியை அதில் முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டாய். மூன்றாம் நாள் பழுப்பு நிறத்தில் ஒரு காம்பு வந்தது. ஊசியால் குத்தி, கவிழ்த்துக் காட்டினாய். கஞ்சி சொட்டுச் சொட்டாக விழுந்தது. அம்மா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாளிலிருந்து பகலில் நீ கிழங்குக் காட்டு வேலைக்குப் போக, ஊட்டுவது என் பொறுப்பு. அவன் சப்பினான், அழுதான், மறுபடி சப்பினான். புட்டியில் கஞ்சி குறையவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தாள். காம்பைக் கழற்றி, கஞ்சியை நானே குடித்துவிட்டேன். மூன்று நாளும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீ வந்தபோது தம்பி அழவில்லை. அழுவதற்கு அவனிடம் தெம்பு இல்லை.

"குடிச்சானா?"

"குடிச்சிட்டான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான்க்கா."

அவன் வயிற்றைத் தொட்டாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். என் மேலுதட்டில் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டி எடுத்தாய். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது நீ காம்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு சொட்டும் வரவில்லை.

"செருப்பு மாதிரியே மூடிக்கிச்சு" என்றாய், உனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு என்னிடம், "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"பசிச்சிச்சுக்கா."

ஊசியால் குத்தினால் திரும்பவும் மூடிக்கொள்ளும். ஓட்டைக்குள் ஏதாவது நிற்க வேண்டும். அதன் வழியே கஞ்சியும் போக வேண்டும். வீட்டைச் சுற்றிப் பார்த்தாய். பரணில் ஏறிச் சப்பாத்தை இறக்கினாய். கயிற்றின் நுனியில் இருந்த சின்னத் தகரக் குழலைப் பல்லால் கடித்து இழுத்தாய். இழுத்த வேகத்தில் அப்பாவின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

அதை ஒருகணம் பார்த்தாய். பிறகு குழலுக்குள்ளிருந்த நூலை ஊசியால் தள்ளி, கொதிக்க வைத்து, காம்புக்குள் செருகி, வெளியே நீட்டாதபடி அழுத்திச் சுற்றிலும் ரப்பர் பால் பூசிக் காயவைத்தாய். இருட்டுவதற்குள் தம்பி மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது.

கம்பளிக்குள்ளிருந்து அம்மா, "குடிக்கிறானா?" என்றாள்.

"குடிக்கிறாம்மா. ஓட்டதான் சின்னதாப் போச்சு, வேற போட்டேன்."

அவ்வளவுதான் அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் மட்டும் மெதுவாக, "நாளைலேர்ந்து உனக்கு ஒரு கரண்டி தனியா வைக்கிறேன். அவன் புட்டியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

அப்பா வரவில்லை. பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது சப்பாத்து உன் காலுக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. எனக்குச் சரியாக இருந்தது. தகரம் போன நுனியில் நூல் சுற்றி, துளைகளில் பொறுமையாகக் கோத்துக் கட்டிவிட்டாய். "போடி, மணியாவுது" என்று சொல்லிவிட்டு, பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாய். அங்கே தொடங்கி நான் கல்லூரிவரை படித்தேன்.

நீ போன பிறகு திறந்த உன் பால்மாவு டின்னில் அந்தக் கயிறு இருந்தது; எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அது என் கைப்பையிலிருந்து விழ, தம்பி எடுத்தான். "இது என்ன சின்னக்கா?" எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டு முடித்தான்.

"மூணு நாளும் நீயா குடிச்ச?"

"மூணு நாளும்."

"அலமாக்! அதான் நான் இப்படிக் குட்டையாயிட்டேன். மூணு நாளைக்கு நீதான் இங்க சமைக்கணும் லா."

சிரித்தேன். அழுதேன். அவன் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டான்: "அது சரி, உனக்குன்னு வச்ச அந்த ஒரு கரண்டி... பெரியக்கா அத எங்கேர்ந்து எடுத்தாங்க?"

இத்தனை வருடத்தில் நான் கேட்காத கேள்வி அது, அக்கா. அம்மாவின் கிண்ணம் குறையவில்லை. தம்பியின் புட்டியும் குறையவில்லை. நீ எப்போதும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாய். உன் முதுகைப் பார்த்திருக்கிறேன். உன் தட்டைப் பார்த்ததே இல்லை.

அன்று மதியம் தம்பி மனைவி எனக்குச் சோறு போட வந்தாள். தட்டை நீட்டவில்லை. எழுந்து போய் முதலில் பானைக்குள் பார்த்தேன், அவளுக்கு இருக்கிறதா என்று.