வரி முடிவில் மிஞ்சிய குறி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் சுகம்.

வேலையில் ஒரு சின்னச் சம்பவம், பயப்பட ஒன்றுமில்லை. என் புரோகிராம் வாடிக்கையாளர்களின் முகவரிகளை ஒரு ஃபைலிலிருந்து வாசிக்கும். போன கிழமை எல்லா முகவரியும் பிழையென்று திரும்பிவந்தது. அந்த ஃபைலைத் தயாரிக்கிற யோகச்சந்திரன் அண்ணை, சாப்பாட்டு மேசையில் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால், "ஊரில படிச்ச படிப்பு இஞ்ச காணாது, தங்கச்சி" என்று சிரித்தார்.

திங்கட்கிழமையே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று இருக்கும். அவருடைய புரோகிராம் ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டிருந்தது. மிஞ்சியது வரிக் கடைசியில் இருக்கிற தபால் குறியீட்டோடு ஒட்டிக்கொண்டு, அதைப் பிழையாக்கிவிட்டது. ஆனால் வியாழக்கிழமை மீட்டிங்வரை பொறுத்திருந்து, பெரிய திரையில் அந்தக் குறிகளைக் காட்டினேன். அந்தப் புரோகிராமை எழுதியது யார் என்று மனேஜர் கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு அண்ணை என்னிடம் வந்து, "உந்தப் பிழையைத் தனியச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்கள் என்னைத் தனியவோ நக்கலடிச்சனீங்கள்?" என்றேன்.

இப்போது அவர் வேலை முடிய என்னைக் காரில் மல்வேர்னில் நான் இருக்கிற வீட்டுக்கு ஏற்றிவருவதில்லை. அந்த மேசையிலும் எனக்கு இடமில்லை. மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவருடைய அடுத்த ஃபைலையும் கடைசி வரிவரை தோண்டுவேன்.

மிளகாய்த்தூள் முடிகிறது, அனுப்புங்கள். நான் மத்தியானம் சாப்பிடும்போது அங்கே நீங்கள் படுக்கப்போகும் நேரம். அப்போது ஒருக்கால் போன் எடுங்கள், அம்மா. ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.

மகள்,
ஜெனிற்றா