மறுபடியும் அந்தக் குழாய்

மார்ச் 4, 2024
நான் சொல்லச் சொல்ல மருமகள் அன்பரசி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது எதுவும் மறக்காது. போன வருடம் நெஞ்சுச் சளியில் கிடந்தபோது மூச்சுக்குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் விட்டார்கள். நுனியில் சின்ன பலூன். காற்று கசியாமல் அடைக்க அதை ஊதி வைப்பார்களாம். உயிர் தங்கியது அதனால்தான். ஆனால் பலூன் அழுத்திய இடம் புண்ணாகி, ஆறி, சுருங்கிவிட்டது. வாசல்வரை நடந்தாலே மூச்சில் விசில் சத்தம். தூக்கத்திலும் விடாது. ஆப்பரேஷன் செய்து விரிக்க வேண்டும். அதற்கும் பலூன் குழாய்தானாம்.

மார்ச் 6
என் வீட்டுக்காரி இராஜம்மா வேண்டாமென்கிறாள். கெடுத்த சாமானையே திரும்ப விடுவதா என்கிறாள். நியாயம்தான். இப்படியே விசிலடித்துக்கொண்டு எத்தனை நாள்? போகிறேன்.

மார்ச் 11
மயக்க மருந்து டாக்டர் திவாகரனைப் பார்த்தோம். "இந்தத் தடவ பலூன யாரு பாத்துக்குவா?" என்று கேட்டேன். கோபப்படவில்லை. கடிகாரம்போல முள் வைத்த சின்னக் கருவியைக் காட்டினார். "இறுக்கம் கூடினா இது காட்டிரும் அங்கிள். ஒல்லிக் குழாய்தான் போடுவேன். வேல முடிஞ்சதும் எடுத்துருவேன். அப்ப மாதிரி நாள்கணக்கா உள்ள இருக்காது."
கைநாட்டு வைத்தேன்.

மார்ச் 15
எதுவும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னேன். பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. டாக்டர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "சாமி பால் குடிச்சீங்களா?"
குடித்தேன். தோட்டத்து லயத்துக் கோயில் அபிஷேகப் பால். வெள்ளிக்கிழமையாச்சே என்று இராஜம்மா விடிந்ததும் வாங்கிவந்து டம்ளர் நிறையக் கொடுத்தாள். பிரசாதம் சாப்பாட்டில் சேருமா? இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.
"வயித்துக்கு எல்லாப் பாலும் ஒன்னுதான் லா. பலூன் அடைக்கிறதுக்கு முன்னாடி மேல வந்துச்சுனா நுரையீரலுக்குள்ள போயிரும்."
திருப்பி அனுப்பிவிட்டார். காரில் இராஜம்மா அழுதுகொண்டே வந்தாள். இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். அடி போடி, அம்மனா கோவிச்சுக்கப் போறா? அடுத்த வெள்ளிக்கு மறுபடியும் போவோம். இதையும் எழுதவா என்று அன்பரசி சிரிக்கிறாள். எழுது.

மார்ச் 22
கோயில் பக்கம் யாரும் போகவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நாக்கு ஒட்டுகிறது. கிளம்புகிறேன்.

ஏப்ரல் 2
ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். நன்றாகத் தூங்கிப்போனேன். மூக்குக்குக் கீழே ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் இராஜம்மாவின் விரல். முகம் வெளிறிக் கிடந்தது.
"என்னடி?"
"சத்தமே வரல. அதான்."