திரையின் இடப்பக்கம்

நேற்றுக் காலை அலுவலகத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கணினியில் செருகினேன். ஓரிக்கைப் பக்கம் புது இடத்துக்கு மாறுகிறோம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடச் சொல்லியிருந்தார் முதலாளி சேகர் அண்ணன். செருகியதும் அது உள்ளே எதையோ அரைப்பதுபோலச் சத்தம் போட்டது. சற்று நேரத்தில் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. நாம் இருவரும் முதன்முதலில் சேர்ந்து உட்கார்ந்த கணினியிலும் இதே வாசனைதான். பிறகு உன் பெயரிட்ட ஃபோல்டர் திரையில் வந்து நின்றது.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த ஃபோல்டரைத் திறக்க எனக்கு மதியம் வரை ஆயிற்று. திறந்ததும் நீ செய்த படங்கள் எல்லாம் தேதிவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்து விழுந்தன. அதைப் பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. என்ன பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால் நாம் கற்ற நாட்களைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது உனக்கே விளங்காது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர். நான் முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருவாய். வெப் டிசைன் படிக்க வந்தவர்கள் எட்டுப் பேர், ஓடுகிற கணினிகள் நான்கு. உனக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று கொடுத்தார்கள். நீ வலப்பக்கம் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டாய். நான் இடப்பக்கம் உட்கார்ந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டேன். படத்தில் ஏதாவது கோணலாகிவிட்டால் நீ திரும்பாமலே என் முழங்கையை இடிப்பாய். "இசட் அடி, இசட் அடி" என்பாய். நான் கண்ட்ரோலோடு சேர்த்து அடிப்பேன். நீ செய்த பிழை அப்படியே இல்லாமல் போகும்.

இரண்டாவது மாதம் சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். மீதியை நாமாகத்தான் கற்றோம். ஒரு படத்தை எந்த அளவு சுருக்கினால் செல்போனில் சீக்கிரம் திறக்கும், அதற்கும் மேல் சுருக்கினால் எப்படி ஜரிகை சாம்பல் பூசியதுபோல மங்கிவிடும் என்பதெல்லாம் கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டது. ஒருநாள் உன் அப்பா நெய்த சேலை ஒன்றைப் பையில் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாய். "பாரு எஸ்தரு, இது அரக்கு. நீ வெச்சிருக்கிறது சிவப்பு. கண்ணுல குத்துது" என்றாய். நான் எண்களை மாற்ற மாற்ற, நீ சேலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ம், வந்துடுச்சு" என்றாய்.

உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பதில் உன்னைப்போல ஒருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பென் டூலை எடுத்தால் முந்தானைக் குஞ்சம் ஒவ்வொன்றையும் சுற்றி வருவாய். நான் அவசரப்பட்டால், "ஓரத்தைப் பாருடி. நடுவுல இருக்கிறதை யார் வேணா பாப்பாங்க" என்பாய்.

அப்படிச் சொன்னவள் நீ.

சேகர் அண்ணனிடம் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பட்டுக் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்கிற அலுவலகம். ஆளுக்கொரு கணினி கிடைத்தது. ஆனாலும் பழக்கத்தில் நான் உன் இடப்பக்க நாற்காலியையே பிடித்துக்கொண்டேன். நான்கு வருடம் நன்றாகப் போனது.

அந்த ஆடி மாதம் ஒரு கடையின் தள்ளுபடி பேனரைச் செய்து என் கணினிக்கு அனுப்பினாய். வலப்பக்கம் சேலை, எழுத்து, பூ எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இடப்பக்கம் விரற்கடை அகலம் வெறும் வெள்ளை.

"இங்க காலியா இருக்குதே?"

"எங்க?"

"லெஃப்ட்ல."

நீ பார்த்தாய். நன்றாகப் பார்த்தாய். "ஃபுல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் திறந்தாய்.

நான் மேற்கொண்டு பேசவில்லை. அந்த வாரம்தான் ஒரு கடையின் பெயரில் முதல் எழுத்தே விழாமல் உன் பேனர் இணையத்தில் ஏறியிருந்தது. சேகர் அண்ணன் எல்லார் முன்னாலும், "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நீ வீட்டுலயே இருந்துக்கோமா" என்று சொல்லியிருந்தார். உன் வீட்டிலோ, வேலை போனால் கல்யாணம்தான் என்று காத்திருந்தார்கள். அதனால் வெள்ளையை நானே நிரப்பினேன். பூவை நகர்த்தினேன், எழுத்தைத் தள்ளினேன். சரிசெய்ததை வேறு பெயரில் சேமித்து அனுப்பினேன். பேனர் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் உன்னிடம் சொன்னார். நீ சிரித்தாய்.

அதன்பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் வெள்ளை கொஞ்சம் அகலமானது. நீ அனுப்புவாய், நான் நிரப்புவேன். உனக்கு யாரோ ஒருவன்மேல் மனசு போயிருக்கிறது, அதனால்தான் கவனம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நீயாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று பெருந்தன்மையாக இருந்தேன்.

உன் துப்பட்டா இடத்தோளிலிருந்து நழுவித் தரையில் இழுபடும். எடுத்துப் பின் குத்திவிடுவேன். கதவின் இடப்பக்கச் சட்டத்தில் தோளை இடித்துக்கொள்வாய். "இந்தக் கதவை யாரு நகர்த்தினது?" என்பாய். இடப்பக்கத்திலிருந்து நான் கூப்பிட்டால் பதில் வராது. எழுந்து வலப்பக்கம் வந்து கூப்பிட்டால், "எப்பமா வந்த?" என்பாய். நான் காலையிலிருந்து உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் டப்பாவில் சாம்பார் சாதம். வலப்பாதியை மட்டும் கத்தி வைத்து அறுத்ததுபோலச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா இன்னிக்கு கொஞ்சமா வெச்சுட்டாங்க" என்றாய். இடப்பாதி அப்படியே இருந்தது. விளையாட்டாக டப்பாவை உன் முன்னால் அரைவட்டம் திருப்பி வைத்தேன்.

நீ டப்பாவையே பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இது எங்கிருந்து வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"நான்தான் போட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நீ சந்தோஷமாக மீதியையும் சாப்பிட்டாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? டப்பாவைத் திருப்பினால் சோறு வருகிறது என்றா?

ஐப்பசியில் ஒரு புதுக்கடைக்கு முகப்புப் படம். கோபுரத்துக்கு முன்னால் பட்டுச்சேலையில் ஒரு பெண் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள். பின்னணியை நீக்கி அவளை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். நீ இரண்டு மணிநேரம் தலை நிமிராமல் வேலை செய்தாய். முடித்துவிட்டு, "வந்து பாரு, சுத்தமா வெட்டியிருக்கேன்" என்றாய்.

வந்து பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பாதி முகம்தான் இருந்தது. வலப்பக்கம் காதுக் கம்மல், புருவம், கண்ணிமை, ஒரு முடி பிசகாமல் நீ வெட்டிய ஓரம். நெற்றிப்பொட்டின் நடுவிலிருந்து கீழே வரை ஒரு கோடு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஒற்றைக் கண்ணால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி வாய் சிரித்தது.

"எப்படி இருக்கா?" என்றாய்.

"அழகா இருக்கா" என்றேன். நீ டீ குடிக்கப் போனதும் உட்கார்ந்து மீதி முகத்தை நான் வெட்டி எடுத்தேன். மூன்று முறை இசட் அடித்தேன்.

கார்த்திகையில் அந்த மதியம் வந்தது. கரண்ட் போய் அப்போதுதான் திரும்பியிருந்தது. நான் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ திரையைப் பார்த்தபடியே, "எஸ்தரு, கையை எடு" என்றாய்.

"எந்தக் கையை?"

"கீபோர்டு மேலே வெச்சிருக்கியே. அடிக்க முடியலமா."

உன் கீபோர்டின்மேல் ஒரு கை கிடந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. அது உன் இடக்கை.

நீ வலக்கையால் அதைத் தூக்கி ஓரமாக நகர்த்தினாய். "சில்லுனு இருக்குது உன் கை. காய்ச்சலா?" என்றாய்.

"அது உன் கைடி. பாரு, உன் வாட்ச் கட்டியிருக்குது" என்றேன்.

நீ குனிந்து பார்த்தாய். உன் முகத்தில் பயம் இல்லை. லேசான கோபம்தான் இருந்தது. "ஆமா, என் வாட்ச்தான். அதை எதுக்கு நீ கட்டிக்கினு இருக்க?"

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் உன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். நீ அவற்றைப் பார்த்தாய். கீபோர்டின்மேல் கிடந்ததைப் பார்த்தாய். "அப்ப இது யாருது?" என்றாய்.

சேகர் அண்ணன்தான் கார் எடுத்தார். சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அங்கே வந்தால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசுக்குத் தெரியாமல் போகுமாம். கண் பார்க்கும், ஆனால் மனசு எடுத்துக்கொள்ளாதாம். இல்லாதது இல்லை என்றுகூடத் தோன்றாதாம். டாக்டர் எங்களைப் பார்த்து, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

உன் அம்மா என்னைப் பார்த்தார். "இப்பதான் சார், ஒரு வாரமா" என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு வந்தேன். உன் கட்டிலுக்கு இடப்பக்கம் நின்று உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அம்மாவிடம், "எஸ்தரு வரலியாமா?" என்றாய். அம்மா, "பக்கத்துலதான் நிக்குதே" என்றார். நீ வலப்பக்கம் இருந்த சுவரைத் தேடிப் பார்த்தாய். நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். "வந்துட்டியா" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறந்தாய், பேசவில்லை. பதினொன்றாம் நாள் போய்விட்டாய்.

நேற்றுத் திரையில் வந்து விழுந்தவை உன் படங்கள், நான் திருத்துவதற்கு முந்தையவை. எதையும் நான் அழிக்கவில்லை என்பது எனக்கே மறந்திருந்தது. முதல் வரிசைகளில் படங்கள் நிறைந்திருக்கின்றன. ஆடியில் ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று. அடுத்த வரிசையில் அது தடிக்கிறது. வரிசை இறங்க இறங்க வெள்ளை வலப்பக்கமாக நகர்ந்து வருகிறது. கடைசி வரிசையில் எல்லாப் படமும் பாதி. ஏதோ ஒன்று உன்னை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்ததைத் தேதி போட்டு நீயே வரைந்து வைத்திருக்கிறாய். அதன் ஒவ்வொரு அடியையும் நான் உட்கார்ந்து மூடி மறைத்திருக்கிறேன். ஆடியிலேயே யாராவது பார்த்திருந்தால்?

இன்று காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அப்பா தறியில் இருந்தார். அம்மாவுக்குப் படங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மாதம் திருத்தியதைச் சொன்னேன். டாக்டரிடம் ஒரு வாரம் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது.

அம்மா வரிசை வரிசையாகக் கீழே வரை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீ பொய் சொன்னப்ப எனக்குத் தெரியும்மா" என்றார். "நானும் சொல்லலையே. காலையில ஒரு பக்கம் சடை பின்னிட்டு வந்து நிப்பா. இன்னொரு பக்கத்தை நான் பின்னி அனுப்புவேன். வாசல்ல பாதிக் கோலத்தைப் போட்டுட்டு எழுந்து வந்துருவா. யாரும் பாக்கறதுக்குள்ள மீதியை நான் போட்டுருவேன். பொண்ணு பாக்க வர்ற நேரம், நாலு பேரு எதுனா சொல்லிடக் கூடாதுன்னு."

அவர் விரல் அந்தப் பாதி முகப் பெண்ணின்மேல் போய் நின்றது. நான் மூடப் போனேன். "இருக்கட்டும்" என்றார். "அவ கண்ணுக்கு இது முழுசாத்தானே இருந்திருக்கும்."

வெகுநேரம் கழித்து அப்பா தறியை ஓட்டத் தொடங்கினார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது அது சரியாக வரவில்லை. நீ என்னை நம்பினாய், நான் உன்மேல் பிரியமாக இருந்தேன், அந்தப் பிரியத்தாலேயே உன்னைப் பார்க்காமல் விட்டேன். இதை எந்தப் பெயரில் சேமிப்பது என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நல்ல வேலைக்காரி. சென்ற வாரம் ஒரே நாளில் ஒரே எழுத்தை மூன்று முறை விட்டாள். திருத்த எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. திருத்தவில்லை. எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "உடம்பு நல்லா இருக்குதாமா? தலைவலி எதுனா இருக்குதா?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லாத்தான்கா இருக்கேன். தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, எதுக்கு இப்படிக் கேக்கறீங்க?" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பேசாமல் இருக்கட்டும். நாளைக்கும் கேட்பேன்.