நூற்றைம்பதாவது ஃபிரேம்

மார்ச் 3, செவ்வாய்
அப்பாவின் குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டுமாம். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்றார் டாக்டர். மட்டும்! எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் வாய் ஓயாதவர் அவர்தான். திரும்பும்போது டாக்ஸிக்காரர் வண்டி ஓட்டும் லட்சணத்தை வழிநெடுக அப்பா திட்டிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்
ஆபரேஷன் பதினாறாம் தேதி. அதற்குள் அவர் குரலைப் பதிந்து வைத்துவிட வேண்டும். கேமரா, மைக் என்றாலே ஓடுகிற மனுஷன். எந்தக் கல்யாண வீடியோவிலும் கையால் முகத்தை மறைத்தபடிதான் இருப்பார். இன்று ஃபோனை நீட்டினேன். “என்னடி, வாக்குமூலமா? போய் வேலையப் பாரு.”

வேலை கழுத்தைப் பிடிக்கிறது. ஒரு துணிக்கடை, தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள் வீடியோ கேட்கிறது. படம்பிடிப்பு எதுவும் கிடையாது. வெப் பக்கம் கட்டுவதுபோல கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினால், பெயரும் படமும் தானாக மாறி, ஃபிரேம் ஃபிரேமாக வீடியோ வந்து விழும். அப்பாவுக்கு இதில் ஒரே கிண்டல். “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வாழ்த்து சொல்றே. பெத்தவன்கிட்ட உக்காந்து பேச நேரமில்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுருக்கென்றது.

மார்ச் 9, திங்கள்
வருகிற ஞாயிறு கட்டாயம் பிடித்து உட்காரவைக்கிறேன்.

மார்ச் 11, புதன்
ஆஸ்பத்திரி வராந்தா. திடீரென்று மூச்சு அடைத்துவிட்டது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள், நாளைக்கே ஆபரேஷன். இனி பேச்சில்லை.

காலையில் நான் லேப்டாப்பில் மூழ்கியிருந்தபோது ஏதோ கேட்டார். நிமிராமலே “ம்” என்றேன். என்ன கேட்டார்? ஐயோ, என்னதான் கேட்டார்?

மார்ச் 12, வியாழன்
பிழைத்துவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்
வீட்டுக்கு வந்தாயிற்று. சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன், தொடமாட்டேன் என்கிறார். அன்று காலையில் கேட்டதையாவது எழுதுங்கள் என்று கெஞ்சினேன். சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அத்தை ஃபோனில், “எங்கண்ணன் வாயை யாராலயும் மூட முடியாதுன்னு நெனச்சேனே” என்று வேடிக்கையாகத் தொடங்கி, அழுதுவிட்டார்.

மார்ச் 28, சனி
ஞாபகம் வந்துவிட்டது! இந்தப் பிறந்தநாள் வீடியோவின் மாதிரியை முதலில் கட்டியபோது சோதனைக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. நான் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க ஆபீஸ் வந்தவரை மைக் முன்னால் மடக்கினேன். நன்றாக நினைவிருக்கிறது, கொஞ்ச நேரம் பேசினார்.

தேடினேன். இல்லை. வேலையை ஒப்படைக்கும் முன் சோதனை ஃபைல்களையெல்லாம் துடைத்துப் போட்டவள் நானேதான். ‘ரொம்பச் சுத்தமா வேலை செய்றே’ என்று மேலாளர்கூடப் பாராட்டினார். சுத்தம்!

மார்ச் 30, திங்கள்
ஆபீஸில் எல்லோரிடமும் கேட்டுவைத்தேன். மத்தியானம் எங்கள் டிசைனர் என் மேசைக்கு வந்தாள். “ஏய், நீ மொதமொதல்ல அனுப்பின சாம்பிள் எங்கிட்ட கெடக்கு. அதுல ஒரு பெரியவர் பேசுறாரே, அவரா பாரு.”

அவர்தான். பலூன்கள் மிதக்கின்றன. நடுவில் ‘பெயர் இங்கே’ என்று கொட்டை எழுத்து. பின்னணியில் அப்பா குரல்: “கேக்குதா? என்னத்தப் பேச... வேலைய முடிச்சிட்டு சீக்கிரம் வீட்டுக்கு—”

அவ்வளவுதான். நீளம் நூற்றைம்பது ஃபிரேம், அதற்கு மேல் எது இருந்தாலும் வெட்டு என்று எழுதியவளும் நான்தான். வினாடிக்கு முப்பது ஃபிரேம் கணக்கில் ஐந்தே வினாடி. கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

ஏப்ரல் 4, சனி
நீளத்தை முந்நூறு ஃபிரேம் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தேன். இல்லாத குரல் எங்கிருந்து வரும்? மீதி ஐந்து வினாடியும் பலூன்கள் சும்மா மிதந்தன. பைத்தியக்காரத்தனம்தான். திரும்பினால், பின்னால் அப்பா நிற்கிறார். சத்தத்தைக் குறைக்க மறந்திருக்கிறேன்.

இன்னொரு தரம் போடச் சொல்லிக் கைகாட்டினார். “சீக்கிரம் வீட்டுக்கு—” என்று அறுந்த இடத்தில் அவர் உதடுகள் அசைந்தன. ‘வந்து சேரு.’ தெளிவாகத் தெரிந்தது. கழுத்துத் துளையில் காற்று மட்டும் உஸ்ஸென்றது.

அப்புறம் தானாகவே போய் சிலேட்டை எடுத்து எழுதினார்.

‘அன்னிக்கு சாப்பிட வர்றியான்னு கேட்டேன். ம்னு சொன்னே. இன்னும் வரல.’

லேப்டாப்பை மூடினேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.